பந்தும் பந்தயமும்

உழைத்துக் களைத்த இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் தந்த இன்பம் கால்பந்து. அந்த இன்பத்தின் வாயிலிலே சூது வந்து நின்றது எப்படி?

1923-இல் ஜான் மூர்ஸ் என்ற தந்தி ஊழியர், நண்பர் இருவருடன் கூடி, மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்துக்கு வெளியே 4,000 பந்தயச் சீட்டுகளை வழங்கச் செய்தார். திரும்பி வந்தவை வெறும் 35! நண்பர்கள் விலகினர், மூர்ஸ் விலகவில்லை. பின்னர் அவர் கோடீசுவரரானார். சீட்டு நிரப்பிய ஏழையோ வாரந்தோறும் நம்பினான், வாரந்தோறும் ஏமாந்தான்.

1961-இல் பந்தயக் கடைகள் சட்டத்தின் துணையோடு தெருவுக்கு வந்தன. 1962 டிசம்பரில் ஷெஃபீல்டு வென்ஸ்டே ஆட்டக்காரர் மூவர், தம் அணியே தோற்குமென்று பணம் கட்டினர். அணி தோற்றது, 1965-இல் மூவரும் சிறை புகுந்தனர்.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்ததும், பந்தய விளம்பரம் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இளம் ரசிகன் ஆட்டத்தையும் சூதையும் ஒன்றாகவே கண்டு வளர்ந்தான். 2023-இல், பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக ஐவன் டோனிக்கு எட்டு மாதத் தடை. அவர் அணிந்த பிரென்ட்ஃபோர்டு சட்டையின் மார்பிலே பொறித்திருந்ததும் ஒரு பந்தயக் கம்பெனியின் பெயரே! ஆடியவனுக்குத் தண்டனை, அழைத்தவனுக்கு அலங்காரமா?

அவ்வாண்டு ஏப்ரலில் பிரீமியர் லீக் கழகங்கள், 2025–26 பருவ முடிவோடு மார்பு விளம்பரத்தைக் கைவிட உடன்பட்டன. சட்டையின் கைப்பகுதியும் மைதானத்துப் பலகையும் அந்த உடன்பாட்டில் அடங்கவில்லை.

தோழர்களே! அதிர்ஷ்டம் ஆண்டவன் அருளுமன்று; ரசிகனின் அறிவுமன்று. கடைக்காரன் தன் ஆதாயத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு அது. ஆட்டத்தைக் கண்டு களிப்போம். கணக்கைக் கண்டு விழிப்போம்!