வலிப்பு மருந்து அளவறிதல்

வலிப்பு மருந்து அளவறிதல் என்பது, கால்-கை வலிப்பு உள்ளவரின் பிளாஸ்மாவில் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், வால்புரோயேட்டு போன்ற மருந்துகளின் செறிவை ஆய்வகத்தில் கண்டறிவதாகும். ஒரே அளவு மாத்திரை உண்ணும் இருவரின் குருதியிலும் மருந்தின் செறிவு வேறுபடலாம் என்பதால் இச்சோதனை தேவைப்பட்டது.

தோற்றம்

ஃபெனிட்டாயினின் பயனை 1938-இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் ஆகியோர் அறிவித்தனர். வலிப்பு நிற்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்த்தே மருத்துவர்கள் நெடுங்காலம் மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைத்தனர். 1964-இல் நியூயார்க்கின் ஹென் குட் குழுவினர், மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் கண்ணசைவுக் கோளாறும், 30-க்கு மேல் தள்ளாட்டமும், 40-க்கு மேல் மனக்குழப்பமும் தோன்றுவதாகக் காட்டினர். 10 முதல் 20 வரை என்பது பொதுவான இலக்கு வரம்பாயிற்று.

சென்னையும் காசநோயும்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மூளையில் காசநோய்க் கட்டி உடையோர் பலர் அங்கு வந்தனர். இத்தகையோருக்கு வலிப்பு மருந்து, காசநோய் மருந்து இரண்டும் தேவைப்படும்.

1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், ஐசோனியசிட் மருந்தை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதை ஆராய்ந்தது. அங்குள்ள நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை மெதுவாகவே செயலிழக்கச் செய்பவர்கள். ஐசோனியசிட், கல்லீரலில் ஃபெனிட்டாயின் சிதைவதைத் தடுப்பதாகக் குட் குழுவினர் 1966-இல் அறிவித்தனர். மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்களிடமே இத்தடை மிகுதி. ஆகவே, வழக்கமான அளவே அவர்களுக்கு நஞ்சாகலாம். அதனால் வரும் தள்ளாட்டத்தை மூளைக் கட்டியின் அறிகுறி என்று தவறாகக் கருதவும் இடமுண்டு. மாறாக, ரிஃபாம்பிசின் ஃபெனிட்டாயின் செறிவைக் குறைக்கும். இரண்டும் சேரும்போது விளைவை ஊகிப்பது கடினம். அளந்தே அறிய வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் ராமமூர்த்தி, அடையாறு பகுதியிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையில் ஆச்சண்ட லட்சுமிபதி நரம்பு அறுவை மையத்தை நிறுவினார்.

அளக்கும் முறை

தொடக்கத்தில் நிறமானி, வளிம நிறப்பகுப்பு முறைகள் பயன்பட்டன. 1970-களில் வந்த எதிர்ப்பொருள் சார்ந்த சோதனைகள், சிறிதளவு குருதியில் விரைவாக முடிவு தந்தன. இந்தியாவில் இச்சேவை 1980-களில் பரவத் தொடங்கியது. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் சேகரிக்கப்படும் மாதிரிகள் வேறிடத்திலுள்ள மைய ஆய்வகத்துக்குச் செல்வதுண்டு.

வரம்புகள்

பொதுவாக அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் குருதி எடுக்கப்படும். கடைசியாக மருந்து உண்ட நேரத்தைக் குறிக்காவிட்டால் முடிவின் பொருள் மாறும். ஃபெனிட்டாயினில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆல்புமினுடன் பிணைந்திருக்கும், மீதமே செயல்படும். ஊட்டக்குறைவால் ஆல்புமின் குறைந்தவருக்கு, மொத்தச் செறிவு இயல்பாக இருந்தும் நச்சு அறிகுறி தோன்றலாம். எனவே, ஆய்வக எண்ணை நோயாளியின் நிலையோடு சேர்த்தே மருத்துவர் மதிப்பிடுகிறார்.