எஸ்ட்ராமஸ்டின் கைவிடப்பட்டதற்கான காரணம்: டாக்ஸ் 327, ஸ்வாக் 99-16 ஒப்பீடு குறித்து ஒரு மறுவாசிப்பு

ஹார்மோன் தடுப்புக்குக் கட்டுப்படாத முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் கீமோதெரபி ஆயுளை நீட்டிக்கும் என்பதை 2004இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. டாக்ஸ் 327 டோசிடாக்சலைப் பிரெட்னிசோனுடன் கொடுத்தது. ஸ்வாக் 99-16 எஸ்ட்ராமஸ்டினுடன் கொடுத்தது. இரண்டிலும் எதிர்ப்பிரிவு மைட்டோசான்ட்ரோனும் பிரெட்னிசோனும்தான். மூன்று வார டோசிடாக்சலில் இடைநிலை ஆயுள் 18.9 மாதம், எஸ்ட்ராமஸ்டின் கூட்டில் 17.5 மாதம். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, எஸ்ட்ராமஸ்டின் ஆயுளையும் கூட்டவில்லை, வலியையும் தணிக்கவில்லை என்று தீர்ப்பளிக்கும் வாசிப்பு நெடுநாள் வழக்கில் உள்ளது. தீர்ப்பு பெரும்பாலும் சரி. அதற்குக் காட்டப்படும் சான்றுதான் நிற்காது.

எதிர்ப்பிரிவுகளே ஒன்றுபோல இல்லை: டாக்ஸில் 16.5 மாதம், ஸ்வாக்கில் 15.6 மாதம். ஒவ்வோர் ஆய்விலும் தன் எதிர்ப்பிரிவைவிடக் கிடைத்த கூடுதலைப் பார்த்தால் 2.4 மாதம், 1.9 மாதம். இடர் விகிதம் 0.76, 0.80. நம்பக இடைவெளிகளோ 0.62–0.94, 0.67–0.97, ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. இதிலிருந்து எந்தக் கூட்டு மேல் என்று சொல்ல வழியில்லை.

மருந்தளவும் வேறு. டாக்ஸில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 75 மி.கி.; ஸ்வாக்கில் தொடக்கம் 60 மி.கி. குறைந்த டோசிடாக்சலிலும் கிட்டத்தட்ட அதே பலன் வந்ததால் மீதியை எஸ்ட்ராமஸ்டின் ஈடுகட்டியிருக்க வேண்டும் என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடலாம். பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்தோர் ஸ்வாக்கில் 50 விழுக்காடு, டாக்ஸின் மூன்று வாரப் பிரிவில் 45 விழுக்காடு என்பதும் அவர்கள் பக்கம் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் டாக்ஸிலேயே வாராந்தரப் பிரிவில் அது 48 விழுக்காடு. ஆயுளில் உறுதியான கூடுதல் இல்லை. பி.எஸ்.ஏ.வைக் கொண்டு ஆயுளை அளக்க முடியாது.

ஸ்டீராய்டு வேறுபாடு இவற்றைவிட முக்கியமானது. அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. டாக்ஸில் எல்லாப் பிரிவினரும் தினமும் இருவேளை 5 மி.கி. பிரெட்னிசோன் எடுத்தனர். ஸ்வாக்கின் கூட்டுப் பிரிவிலோ டோசிடாக்சலுக்கு முன்பு மூன்று வேளை டெக்சாமெத்தசோன் மட்டுமே. தினசரி பிரெட்னிசோன் எதிர்ப்பிரிவினருக்குத்தான் கிடைத்தது. எலும்பு வலியை ஓரளவு தணிப்பது பிரெட்னிசோன். 1996இல் வெளியான மைட்டோசான்ட்ரோன் ஆய்வில் பிரெட்னிசோன் மட்டும் எடுத்தவர்களிலேயே 12 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. டாக்ஸில் வலித்தணிவு 35-க்கு 22 விழுக்காடு என்று பிரிந்தது. ஸ்வாக்கில் வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு எஸ்ட்ராமஸ்டினைப் பொறுப்பாக்குவதற்கு முன், ஒரு பக்கத்துக்கு மட்டும் தினசரி ஸ்டீராய்டு கிடைத்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும். வலி குறித்த ஸ்வாக் முடிவு ஸ்டீராய்டையும் சேர்த்தே அளந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2007இல் ஐந்து ஆய்வுகளின் 605 நோயாளர் தரவுகளைச் சேர்த்த தொகுப்பாய்வு, எஸ்ட்ராமஸ்டின் சேர்த்தால் இடர் விகிதம் 0.77 என்றது. அதில் வின்பிளாஸ்டின் போன்ற பழைய துணைமருந்துகளும் கலந்திருந்தன. டோசிடாக்சலைப் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது. விடை தந்தது 2008இல் வெளியான 150 பேர் கொண்ட சிறிய ஆய்வு. இரு பிரிவுக்கும் ஒரே டோசிடாக்சல், ஒரே பிரெட்னிசோன். வேறுபட்டது எஸ்ட்ராமஸ்டின் ஒன்றே. பலன் கூடவில்லை, கடும் பக்கவிளைவுகள் கூடின. ஆய்வு சிறியது என்ற ஆட்சேபம் உண்மைதான். ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டது அது.

தீங்கைப் பொறுத்தவரை ஸ்வாக்கின் உள்ஒப்பீடே போதும். எஸ்ட்ராமஸ்டின் ஈஸ்ட்ரோஜன் தன்மை கொண்டது. இரத்தம் உறையும் போக்கைத் தூண்டும். இதயம், இரத்தக்குழாய் சார்ந்த கடும் நிகழ்வுகள் 15-க்கு 7 விழுக்காடு; குமட்டலும் வாந்தியும் 20-க்கு 5. ஆய்வின் நடுவில் வார்ஃபரினும் ஆஸ்பிரினும் தடுப்பாகச் சேர்க்கப்பட்டன. நாள்தோறும் மூன்று வேளை, ஐந்து நாள் விழுங்கும் எஸ்ட்ராமஸ்டினோடு, அது வரவழைக்கும் இரத்தக்கட்டைத் தடுக்க இன்னும் இரண்டு மருந்துகளையும் முதிய நோயாளி விழுங்க வேண்டியதாயிற்று. எஸ்ட்ராமஸ்டினை ஒதுக்கியதற்கு உறுதியான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது, 18.9, 17.5 என்ற எண்களுக்கு அதில் பங்கில்லை.