தீக்குச்சித் தலையில் இருந்த பாடம்



போன வாரம் கேஸ் அடுப்பு லைட்டர் வேலை செய்யவில்லை. பேரன் வீடு முழுக்கத் தேடிவிட்டு, "தாத்தா, நம்ம வீட்ல தீப்பெட்டியே இல்லையா?" என்றான். கோவில்பட்டியில் ஒரு வீட்டில் தீப்பெட்டி இல்லை! வெட்கமாகப் போய்விட்டது. கடைக்குப் போய் 2 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி வந்தேன். 2021 டிசம்பர் வரை 1 ரூபாய்தான். உரசியதும் வந்த அந்த நெடியில் பழைய வகுப்பறை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், இதில் பரீட்சை கிடையாது.

ஆக்சிஜன் தயாரிக்கும் சோதனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கெட்டியான சோதனைக் குழாயில் நாலு பங்கு பொட்டாசியம் குளோரேட், ஒரு பங்கு மாங்கனீசு டை ஆக்சைடு. சூடாக்கினால் வாயு குழாய் வழியாக வந்து, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த ஜாடியில் சேரும். "விளக்கை அணைப்பதற்கு முன்னால் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் வாயு சுருங்கும். தண்ணீர் மேலேறிப் பாயும். சூடான கண்ணாடி டப்பென்று வெடிக்கும். வாயு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்ற சார்லஸ் விதியைப் பலரும் அந்த உடைந்த குழாயில்தான் படித்தீர்கள்.

1980-களில் ஒருநாள் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், இந்த வெள்ளைப் பொடி எங்க தீப்பெட்டி ஆபீஸ் மருந்துல போடறதுதானே?" வகுப்பே சிரித்தது. "ஏலே, பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன்.

அவன் கேட்டதுதான் பாடம். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் முக்கியமான சரக்கே பொட்டாசியம் குளோரேட்தான். கூடவே கந்தகம், கண்ணாடித் தூள், ஒட்டுவதற்கு வச்சிரம். பெட்டியின் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். உரசும் சூட்டில் துளி பாஸ்பரஸ் குளோரேட்டோடு சேர்ந்து பற்றுகிறது. குளோரேட் சிதைந்து ஆக்சிஜனைக் கக்குகிறது, கந்தகம் எரிகிறது. மூக்கில் ஏறும் நெடி கந்தக டை ஆக்சைடு. தீ அடுத்து குச்சியில் ஏற்றிய மெழுகைப் பிடித்து, பிறகு மரத்துக்கு வருகிறது.

ஒரு கணக்கு போடுவோம். 245 கிராம் குளோரேட் ஏறத்தாழ 105 கன சென்டிமீட்டர்தான், ஒரு டீ கிளாஸ் அளவு. அது முழுதும் சிதைந்தால் 96 கிராம் ஆக்சிஜன் வரும். 27 டிகிரியில் அதற்கு 74 லிட்டர் இடம் வேண்டும். அதாவது சுமார் 700 மடங்கு. அதே வாயு 627 டிகிரிக்கு ஏறினால் (300 கெல்வின் 900 ஆகிறது) இன்னும் மூன்று மடங்கு. இடம் கொடுத்தால் விரியும், கொடுக்காவிட்டால் வெடிக்கும். வெளிக்காற்று வேண்டியதில்லை, தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து வருகிற சரக்கு அது. மூடி அணைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

இதைக் கண்டுபிடித்தவர்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1780-களில் பெர்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளோரேட்டைத் தயாரித்தார். வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் வெடிமருந்துக்கு வலு கூடும் என்று எண்ணி, 1788-ல் எசோன் என்ற ஊரில் அரைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த லவாசியே அங்கேதான் இருந்தார், தப்பித்தார். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்வதை நம் நாட்டில் 1992-ல் தடை செய்தார்கள். தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு.

தீக்குச்சியை 1826-ல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தார். அதற்குப் பின் வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிதான் கொடுமை. எங்கே உரசினாலும் பற்றும், செய்கிறவர்களின் தாடை எலும்பை அரித்துவிடும். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சின்னஞ்சிறு பெண்கள். 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியை ஒழிப்பதாக உடன்பட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது.

நம் பக்கம் இந்தத் தொழில் வந்தது அதற்குப் பிறகு. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தாடையைத் தின்னும் குச்சி நம் ஊருக்கு வராமல் போனதற்கு அந்தச் சட்டம்தான் காரணம். யாரோ எங்கேயோ போராடியதன் பலன், நம் கரிசலில் பெட்டி ஒட்டிய அம்மாக்களுக்குக் கிடைத்தது. ஸ்வீடன் கம்பெனியும் அதே காலத்தில் விம்கோ என்று இந்தியாவுக்குள் வந்தது. சென்னைப் பிள்ளைகள் மெட்ரோவில் போகும் விம்கோ நகர் அந்தப் பெயர்தான்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று இந்தத் தொழில் ஏன் இங்கேயே நிலைத்தது? முக்கியெடுத்த குச்சி காய வேண்டும். வச்சிரம் ஈரத்தை இழுக்கும், மழைக்காற்று பட்டால் தலை நமத்துவிடும். நம் வறண்ட காற்று அதற்குத் தோது. இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். மானாவாரியில் ஒரு போகம் பருத்தியோ கம்போ போட்டுவிட்டு, மீதி மாதங்களில் கூலிக்கு அலைந்த வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் பிள்ளைகளுக்கும் கை இருந்தது. சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல்கள் பல எட்டு, ஒன்பது வயது விரல்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், சிவகாசி வழக்கில், வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் என் வகுப்பேட்டில் எத்தனையோ பெயர்களை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

கடைசி பெஞ்சுப் பையனின் பெயரும் அதில் ஒன்று. அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "மருந்து முக்குற வேலைக்குப் போறான் சார், அவங்கப்பாவுக்கு முடியல" என்றார் அவன் அம்மா, பெட்டி ஒட்டிய பசைக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. நான் வேறொன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். அந்த மருந்தோடு எப்படிப் பழக வேண்டும், எதை எதோடு காயவைத்து அரைக்கக் கூடாது என்றாவது அன்றைக்கு அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவன் கேட்டதற்கு இப்போது விடை எழுதியிருக்கிறேன். ஆமாம்ப்பா, அதே பொடிதான். அவனுக்கு இப்போது அறுபதை நெருங்கியிருக்கும். அந்த வகுப்பில் கூடப் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இங்கே பெயரைப் போட வேண்டாம்.