ஸ்பென்சர்ஸ் (பல்பொருள் அங்காடித் தொடர்)

ஸ்பென்சர்ஸ், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பல்பொருள் அங்காடித் தொடர். கோயங்கா குடும்பத்தின் ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமம் இதை நடத்துகிறது. ஆனால் பிறந்த ஊர் சென்னை. 1863இல் சார்லஸ் டுரன்ட் மவுன்ட் ரோட்டில் தொடங்கிய கடையில் ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் பங்குதாரராகச் சேர்ந்தார். அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தவர் யூஜீன் ஓக்‌ஷாட். டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் மாளிகை, திண்டுக்கல் சுருட்டு, ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகள், கன்னிமாரா ஓட்டல் என்று தென்னிந்தியா முழுக்க அந்தப் பெயர் பரவியது. 1980களின் தொடக்கத்தில் மாளிகை தீக்கிரையானது சென்னைக்குப் பேரிழப்பு. அந்த இடத்தில்தான் இன்றைய ஸ்பென்சர் பிளாசா நிற்கிறது.

1989இல் ராம பிரசாத் கோயங்காவின் ஆர்பிஜி குழுமம் நிறுவனத்தை வாங்கியது. கோயங்காக்கள் மார்வாரி வணிகக் குடும்பத்தினர். கொல்கத்தாவின் மின்விநியோக நிறுவனமான சிஇஎஸ்சியும் அதே ஆண்டில் அவர்கள் கைக்கு வந்தது. நவீனச் சில்லறை வணிகத்தை இந்தியாவில் பலரும் யோசிக்கத் தொடங்காத 1996இல், சென்னையில் ஆர்பிஜியின் ஃபுட்வேர்ல்டு கடை திறக்கப்பட்டது. ஏசி அறையில் அரிசி, பருப்பு, காய்கறியைத் தாமே எடுத்துக் கூடையில் போடும் பழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்படுத்தியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் இசைத்தட்டுகளுக்கென மியூசிக் வேர்ல்டும் வந்தது. ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டு சில ஆண்டுகளில் முறிந்தது. ஃபுட்வேர்ல்டு பெயர் கூட்டாளியிடம் போயிற்று. ஆர்பிஜி வசம் வந்த கடைகள் ஸ்பென்சர்ஸ் ஆயின. பழைய பெயர் மீண்டும் வாசலில் ஏறியது இந்தப் பிரிவினையால்தான்.

அடுத்த பிரிவினை குடும்பத்துக்குள் நடந்தது. ராம பிரசாத்தின் மகன்களில் மூத்தவர் ஹர்ஷ் மும்பையிலிருந்து சியட் டயர் முதலியவற்றைக் கவனிக்க, 2011இல் தனிக் குழுமம் அமைத்த இளையவர் சஞ்சீவுக்கு சிஇஎஸ்சியும் ஸ்பென்சர்ஸும் சேர்ந்தன. 2019இல் ஸ்பென்சர்ஸ் சிஇஎஸ்சியிலிருந்து பிரிந்து பங்குச் சந்தையில் தனியே பட்டியலானது. அதே ஆண்டு கோத்ரெஜிடமிருந்து நேச்சர்ஸ் பாஸ்கெட் என்ற உணவுப்பொருள் கடைத் தொடரை ஏறத்தாழ 300 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சில்லறை வணிகப் பொறுப்பைச் சஞ்சீவின் மகன் சாஸ்வத் கவனித்துவந்தார்.

கொல்கத்தாவில் உள்ளூர்ச் சந்தைகளோடு போட்டியிடுவது எளிதன்று. சதுப்பு நிலத்தைத் தூர்த்து, யுகோஸ்லாவியத் திட்டக்கலைஞர் டோப்ரிவோயே தோஷ்கோவிச்சின் வரைபடப்படி எழுந்த சால்ட் லேக்கையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே குடியிருப்பு பிளாக்குகளை ஒட்டியே சந்தைகள் உண்டு. சார்லஸ் கொரியா வடிவமைத்த சிட்டி சென்டர் வணிக வளாகம் 2004இல் வந்த பிறகும் அவை நிலைத்திருக்கின்றன. காலையில் மீனைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிச் சோதித்து வாங்கும் வங்காளியைக் கடைக்குள் இழுக்க வேண்டுமானால் அதே புத்தம்புது மீன் உள்ளேயும் இருந்தாக வேண்டும். ஸ்பென்சர்ஸ் மீன், இறைச்சிப் பிரிவுகளுக்கு இடம் ஒதுக்கியது சரியான கணிப்பு.

தொடர்ந்த நட்டத்தால் 2024இல் டெல்லி வட்டாரம், ஆந்திரம், தெலங்கானா கடைகள் மூடப்பட்டன. மேற்கு வங்காளமும் உத்தரப் பிரதேசமுமே இப்போது இதன் முக்கியச் சந்தைகள்.