பதினைந்து நாள் பயணமும் ஆறு மணி நேரப் பயணமும்

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நேரடி விமானம் இத்தூரத்தைச் சுமார் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே காலை 10 மணிக்குப் புறப்படும் ஹாஜி, அந்நாட்டுக் கடிகாரப்படி பகல் 1.30 மணியளவில் இறங்கிவிடுகிறார். லுஹர் தொழுகையின் நேரம் அப்போதும் மீதமிருக்கும்.

நம் முன்னோர் கண்ட பயணமோ வேறு. முகலாயர் காலத்தில் ஹாஜிகள் சூரத் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறினர். பருவக்காற்றே அவர்களின் காலக்கணக்கு. 'மக்காவின் வாசல்' என்றே அந்நகர் அழைக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் அந்தச் சிறப்பு பம்பாய்க்குச் சென்றது. நம் ஊர்களிலிருந்து ரயிலேறிச் சென்றவர்கள் அங்குள்ள முஸாஃபிர்கானாக்களில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தனர். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி 2,300 கடல் மைல்; பழைய கப்பல்களுக்கு 12 முதல் 15 நாட்கள் பிடித்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள், தொற்றுநோய்த் தடுப்புக்காகச் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளை இறக்கித் தங்கவைக்கும் வழக்கமும் இருந்தது. இந்தக் கப்பல் பயணம் 1995இல் முடிவுற்றது.

அந்த நாட்கள் வீணானவை அல்ல. கப்பல் தளத்தில் ஜமாஅத்தாகத் தொழுதனர். ஹஜ்ஜின் கடமைகளை அறிந்தோரிடம் கேட்டுக் கற்றனர். யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வரும் முன்பே இஹ்ராம் அணிந்து, நிய்யத் செய்து, தல்பியா முழங்கினர். இன்று கிழக்கிலிருந்து ஜித்தாவை நெருங்கும் விமானம், பெரும்பாலும் கர்னுல் மனாஸில் பக்கமாக மீகாத் எல்லையைக் கடக்கிறது. நிமிடத்திற்குப் பதினான்கு கிலோமீட்டர் செல்லும் வேகத்தில், சற்றுக் கண்ணயர்ந்தாலும் எல்லை பின்னே போய்விடும். எனவேதான் நேராக மக்கா செல்வோரை வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் ஆடையை அணிந்துகொள்ளுமாறு ஆலிம்கள் அறிவுறுத்துகின்றனர்.

அன்று திரும்பி வருவோமா என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிப் பிழை பொறுக்கக் கேட்டனர். பகைத்திருந்த உடன்பிறந்தோர் அந்த ஒரு நாளில் கட்டித் தழுவிக்கொண்டதும் உண்டு. இன்று நம்மில் பலர் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு விமானம் ஏறுகிறோம்.

நேரம் சுருங்கியது அல்லாஹ்வின் அருட்கொடை. முதியோரும் நோயுற்றோரும் இன்று எளிதில் செல்ல முடிகிறது. ஆயினும் கடல் நம் முன்னோருக்குத் தந்த பதினைந்து நாட்களை வானம் நமக்குத் தருவதில்லை. அந்த நாட்களை நாமே புறப்படுமுன் வீட்டில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்: கடமைகளைக் கற்க, கடனைத் தீர்க்க, மனம் நொந்தவரின் வாசலுக்கு நேரில் சென்று நிற்க. உடல் ஆறு மணி நேரத்தில் ஜித்தா சேர்ந்துவிடும். உள்ளமும் உடன் சேர, நாம் முன்கூட்டியே புறப்பட்டாக வேண்டும். வல்ல ரஹ்மான் அதற்கு நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக.