குரல் யாருடையது?

2009-ல் காசு சேர்த்து ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்கினேன். சட்டைப்பையில் அடங்கும். இரண்டு ஏஏ பேட்டரி, உச்சியில் இரண்டு மைக், ஒரு சிவப்பு பட்டன். பட்டனை ஒருமுறை அழுத்தினால் விளக்கு விட்டுவிட்டு எரியும். அப்போது பதிவு ஓடாது, கருவி தயாராக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். இரண்டாவது முறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதிவு. இந்த வித்தியாசத்தை நான் விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்துக் களத்துமேட்டில் கற்றுக்கொண்டேன்.

ஒப்பாரி பாடுகிற ஆயா ஒருத்தரைத் தேடிப் போயிருந்தேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று ஊருக்கு வெளியே களத்துக்குக் கூட்டிப்போனார். செத்துப்போன புருஷனை நினைத்து இருபது நிமிடம் பாடினார். முடிந்ததும் ரெக்கார்டரைப் பார்த்தால் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள்.

"ஆயா, இன்னொரு தடவ பாட முடியுமா?"

"ஒருக்கா அழுதாச்சு தம்பி. சொன்னா உடனே அழறதுக்கு நான் என்ன சினிமாக்காரியா?"

அடுத்த மாதம் திரும்பப் போனேன். பாடினார், ஆனால் வேறு பாட்டு. இந்த முறை விளக்கு ஒழுங்காக எரிந்தது. அந்தக் கோப்புக்குப் பிற்பாடு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எனக்கு முன்பு இதே மாதிரி கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களைப் பற்றிச் சொல்லணும்.

*

எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கியது 1877-ல். அதைத் தூக்கிக்கொண்டு முதலில் களத்துக்குப் போனவராக அறியப்படுபவர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ். 1890 மார்ச்சில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குப் போய், பாஸமகுவாடி பழங்குடி மக்களின் பாட்டுகளையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். ஒரு உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ஊசி மெழுகைக் கீறணும் என்றால் குழல் வாய்க்குப் பக்கத்தில் வந்து உரக்கப் பாடணும். நீளமான பாட்டாக இருந்தால் நறுக்கணும். அந்த உருளைகளில் நாம் கேட்பது அவர்கள் வழக்கமாகப் பாடிய விதத்தை அல்ல, கருவிக்கு அடங்கும்படி பாடிய விதத்தை.

உருளைகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தன. பாடியவர்களின் ஊருக்கு அவற்றின் பிரதி வந்து சேர்ந்தது 1980-களில், கேசட்டாக. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம்! பாடியவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. அந்தக் கேசட்டிலும் குரலைவிட இரைச்சல்தான் அதிகம்.

2010-களில் அதே உருளைகளைப் புதிய முறையில் டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். பாஸமகுவாடி மொழி தெரிந்தவர்கள் வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதி, மறந்துபோன பாட்டுகளை மறுபடி பாட ஆரம்பித்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பதிவை வெளியாட்கள் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை இப்போது அந்த மக்களே முடிவு செய்கிறார்கள். அவர்கள் மொழியில் அவர்கள் எழுதிய குறிப்பு, நூலகத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது.

எல்லாக் குரலுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. முதல் உலகப்போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஜெர்மானியர்கள் பெர்லினுக்குப் பக்கத்தில் வூன்ஸ்டார்ஃப் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். மொழி ஆய்வாளர்களுக்கு அது நல்ல வசதி. உலகத்து மொழிகள் எல்லாம் ஒரே வேலிக்குள் கிடக்கின்றனவே! கைதிகளைக் குழல் முன்னால் நிறுத்திப் பேசவும் பாடவும் வைத்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் பேசிய பதிவு இன்றும் இருக்கிறது. 'நான்' என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டு வளர்ந்தான், போருக்கு வந்து மாட்டிக்கொண்டான், சமாதானம் வந்தால் ஊர் திரும்புவான் என்று, யாரோ ஒருவன் கதையைப் போலத் தன் கதையைச் சொல்கிறார். ஆய்வாளர்கள் கேட்டது மொழிக்கு ஒரு மாதிரி. அவர் கொடுத்தது வீட்டுக்கு ஒரு கடிதம். அது அந்த வீட்டுக்குப் போகவில்லை, பெர்லினில் ஆவணக் காப்பகத்துக்குப் போனது.

1933-ல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் ஃபோர்டு காரின் பின்புறத்தில் 315 பவுண்டு எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியை ஏற்றிக்கொண்டு அமெரிக்கத் தெற்கில் அலைந்தார்கள். 315 பவுண்டு என்றால் சுமார் 143 கிலோ. லூசியானாவின் அங்கோலா சிறையில் ஹடி லெட்பெட்டர் என்ற கறுப்பினக் கைதியைப் பதிந்தார்கள். உலகம் அவரை 'லெட் பெல்லி' என்ற பெயரில் அறியும். அவர் பாடிய 'குட்நைட் ஐரீன்' 1950-ல் வீவர்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. லெட் பெல்லி அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1949 டிசம்பரில் இறந்துபோனார். பாட்டை இயற்றியவர்கள் பட்டியலில் அவர் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. லோமாக்ஸ்கள் போயிருக்காவிட்டால் அந்தப் பாட்டு சிறைச் சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கலாம். அது உண்மை. பதிவு பண்ணினவர் பெயர் எப்படிப் பாட்டுக்குள் நுழைந்தது என்ற கேள்வியும் உண்மை.

*

1963-ல் ஃபிலிப்ஸ் கேசட் வந்ததும் 143 கிலோ ஒரு தோள்பைக்குள் வந்துவிட்டது. அப்புறம் டிஜிட்டல். சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குப் பத்து எம்பி. என்னுடைய 2 ஜிபி கார்டிலேயே மூன்று மணி நேரம் கொள்ளும். ஃபியூக்ஸ் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஆனாலும் கருவி தன் புத்தியைக் காட்டாமல் இல்லை. என் ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானே சரிசெய்கிற வசதி உண்டு. நேர்காணலுக்கு அது நல்லது. எட்ட உட்கார்ந்து முணுமுணுக்கிறவர் பேச்சும் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கோ அது எமன். ஆயா மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் எல்லாம், சத்தம் குறைந்துவிட்டதே என்று கருவி பதறி, காற்றையும் காக்காயையும் ஏற்றிவிடும். அழுகை உச்சத்துக்குப் போகும்போது அமுக்கிவிடும். ஒப்பாரியில் அந்த ஏற்ற இறக்கம் போனால் மிச்சம் என்ன இருக்கு? வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

இந்த மாதிரி தப்புகளைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத தப்பு ஒன்றையும் செய்தேன். பதிந்ததை அந்த ஆயாவிடம் நான் கொடுக்கவே இல்லை.

வேணும் என்று செய்ததில்லை. அடுத்த முறை போகும்போது சிடி போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை என்பது வரவில்லை. கோப்பு, கருவி வைத்த எண் பெயரோடு, ஒரு ஹார்டு டிஸ்கில் பல வருஷம் கிடந்தது. ஒருநாள் அவருடைய மகன் யாரிடமோ நம்பர் வாங்கி அழைத்தார்.

"தம்பி, அம்மா போயி ஒரு வருசம் ஆவுது. அவங்க கொரலு உங்ககிட்ட இருக்குதாமே?"

தேடிக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது. அனுப்பினேன். பாட்டைக் கேட்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், பக்கத்துக் கொல்லையில் புகுந்த ஆட்டை ஆயா கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டுகிற இடம் ஒன்று உண்டு. தேவையில்லாத சத்தம் என்று நான் வெட்ட வைத்திருந்த பதினோரு நொடி. அதை மட்டும் தனியாக வெட்டி அனுப்பச் சொன்னார்.

"பாட்ட மட்டும் இன்டர்நெட்ல போட்றாதீங்க தம்பி. அது எழவுப் பாட்டு. எவன் வூட்லயாவது சும்மா ஓடிக்கினு இருந்தா நல்லதில்ல."

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அருமையான பாட்டு அது. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கீழே ஒலியையும் இணைக்கணும் என்பது என் பல வருஷ ஆசை. ஆனால் தொண்ணூறு வருஷம் காத்திருந்து ஒரு ஊர் வாங்கிக்கொண்ட உரிமையை, இந்த மனிதர் ஒரு போன்காலில் கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

கோப்புக்கு ஆயாவின் பெயரை வைத்தேன். அதே ஃபோல்டரில் ஒரு குறிப்பும் எழுதிப் போட்டேன்: எந்த ஊர், எந்தத் தேதி, யாரைக் கேட்காமல் இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எனக்குப் பிறகு இந்த ஹார்டு டிஸ்க் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. போகிறவர் அதை முதலில் படிக்கட்டும்.