ஒரே மண்ணின் இரண்டு ஆல்பங்கள்

நாட்டுப்புற இசையை எடுத்தாளும் ஃபோக் ராக் புல்வெளிகளின் இசை, மெட்டல் தொழிற்சாலைகளின் இரைச்சல் என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ‘லீஜ் அண்ட் லீஃப்’, பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள். இரண்டும் 1969இன் பிற்பகுதியில் லண்டனில் பதிவானவை. இரண்டின் கதையிலும் பர்மிங்காம் உண்டு, விபத்தும் உண்டு.

ஃபேர்போர்ட் குழுவினர் தொடக்கத்தில் பாப் டிலன், ஜோனி மிட்செல் பாடல்களையே அதிகம் வாசித்தார்கள். அவர்களைத் திருப்பிய பாட்டு, 1969இல் வந்த ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ ஆல்பத்தில் இருக்கும் ‘எ செய்லர்ஸ் லைஃப்’. ஃபோக் கிளப்களில் பாடிப் பழகிய சாண்டி டென்னி கொண்டுவந்த பழம்பாடல் அது. பதினோரு நிமிடம், ஒரே டேக். டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும். ஆனால் நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது டிரம்ஸுக்காக. தாளத்தை வரையறுக்காமல், அலை ஏறி இறங்குவதுபோல் சிம்பல்களை வருடிக்கொண்டே போகிறார் மார்ட்டின் லாம்பிள். அப்போது அவருக்கு 19 வயது.

ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் இல்லை. பர்மிங்காமின் எர்டிங்டன் பகுதியில் ‘மதர்ஸ்’ என்ற கிளப்பில் வாசித்துவிட்டு லண்டன் திரும்பும்போது, மே 12 அதிகாலையில், எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் கவிழ்ந்தது. லாம்பிளும் தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். மற்றவர்களுக்குப் பழைய பாட்டுகளைத் தொடவே மனம் வரவில்லை. ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லின் என்ற சிற்றூரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, அந்தக் கோடை முழுவதும் புதிதாகத் தொடங்கினார்கள். டிரம்ஸுக்கு டேவ் மட்டாக்ஸ் வந்தார், ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினரானார். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பழைய கதைப்பாடல்களைத் தேடினார். அப்படி உருவானதுதான் ‘லீஜ் அண்ட் லீஃப்’.

அந்தப் பாடல்களை மென்மையானவை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? ‘மாட்டி குரோவ்ஸ்’ 17ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய பாட்டு. பிரபுவின் மனைவி ஓர் இளைஞனை வீட்டுக்கு அழைக்கிறாள். வேலையாள் போய்ச் சொல்கிறான். விடிவதற்குள் இரண்டு கொலை. ‘டாம் லின்’னில் தேவதைக் கூட்டம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குக் கப்பம் கட்டுகிறது. கருவுற்ற பெண்ணொருத்தி, மிருகமாக மாறி மாறித் திமிறும் காதலனை விடாமல் இறுக்கிப் பிடித்து மீட்கிறாள். சாண்டி இதை உணர்ச்சி காட்டாமல், செய்தி சொல்வதுபோல் பாடுகிறார். அந்த நிதானம்தான் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. எனக்கு அது எந்த அலறலையும்விடக் கனமானது.

எர்டிங்டனிலிருந்து ஆஸ்டன் அதிக தூரமில்லை. அங்கே உருவான பிளாக் சப்பாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி, 17 வயதில், தகரப் பட்டறையில் தன் கடைசி வேலைநாளில், வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இடக்கை வாசிப்பாளர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். 1971இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் சுருதியையே மூன்று ஃப்ரெட் அளவு இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும் என்பது கிட்டார் பிடித்த எவருக்கும் தெரியும். பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் பலவும் அந்தத் தாழ்ந்த சுருதியைத் தமதாக்கிக்கொண்டன.

சப்பாத்தின் முதல் ஆல்பம் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரியில் வெளியானது. மழை, தேவாலய மணி, பிறகு மூன்றே சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். கல்யாணியில் அவ்வளவு மங்களமாகக் கேட்கும் அதே சுரம் இங்கே அடிவயிற்றைப் பிசைகிறது. அட்டையில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேப்பிள்டர்ஹாம் நீராலை, அதன் முன்னால் கறுப்புடையில் ஒரு பெண். ‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ தொடங்குவது மோர்சிங் ஒலியோடு, வாசித்தவர் தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன். தொழிற்சாலைப் பிள்ளைகளின் ஆல்பத்தில் கிராமம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அன்றைய விமர்சகர்கள் அதைக் காதில் வாங்கவேயில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

‘லீஜ் அண்ட் லீஃப்’ வெளிவருவதற்கு முன்பே சாண்டியும் ஹட்சிங்ஸும் குழுவை விட்டு விலகினார்கள். 1971இல் லெட் செப்பலின் நான்காம் ஆல்பத்தில் ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’ பாட்டுக்காக ராபர்ட் பிளான்ட்டோடு சாண்டி சேர்ந்து பாடினார். டிரம்ஸே இல்லாத அந்தப் பாட்டில், ஊருக்குப் போர்ச் செய்தி சொல்லும் குரல் அவருடையது. மெட்டலும் ஃபிடிலும் குடும்பம் நடத்த இன்னும் இருபது ஆண்டு ஆனது. 1991இல் நியூகாஸில் குழு ஸ்கைகிளாட் தன் முதல் ஆல்பத்திலேயே ஃபிடிலைச் சேர்த்தது, அதன்பின் ஃபோக் மெட்டல் தனி வகையாகவே வளர்ந்தது. அவர்களை விரும்பிக் கேட்கிறேன். ஆனால் பயத்துக்கு நான் இன்னமும் ‘டாம் லின்’னிடம்தான் போகிறேன்.